எழுதாத நாலாவது வரி

பத்து பதினைந்து நாள் முன்னால் எங்கள் ஃபேக்டரி கேன்டீனில் புதுசாக ஒரு போர்டு மாட்டினோம். 'சாப்பிட்ட தட்டில் கை கழுவக் கூடாது.'

எழுதியது அடியேன்தான். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் எனக்கு சேஃப்டி ஆபீசர் உத்தியோகம் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை. மீதி நாளெல்லாம் — 'கூடாது', 'கூடாது', 'கண்டிப்பாகக் கூடாது'. தூக்கத்தில் நான் "ஹெல்மெட் எங்கே?" என்று முனகுவதாக வீட்டில் புகார் இருக்கிறது.

போர்டு மாட்டிய அன்றைக்கே, அதற்கு நேர் கீழே உட்கார்ந்து ஒருவர் சாவகாசமாகத் தட்டில் கை கழுவினார். யார் என்கிறீர்கள்? அந்த போர்டை மாட்டச் சொல்லி எனக்கு மெயில் போட்ட மேனேஜர்.

நான் என்ன செய்ய முடியும்? சாம்பாரில் உருளைக்கிழங்கைத் தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் பரிமாறிக்கொண்டிருந்த வசந்தி பார்த்துவிட்டார். கேன்டீனில் ரொம்ப நாளாக வேலை செய்கிறவர். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் அவருக்கு. பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வருவார். நாற்பது வயசு இருக்கும். அதிகம் பேச மாட்டார், ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பார்.

மேனேஜர் போன பிறகு என் மேஜைக்கு வந்தார். "சார், இந்த மாதிரி ரூல்ஸு எங்க ஊருக்கும் எழுதிக் குடுப்பீங்களா?"

நக்கல் பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் நக்கல் இல்லை.

வசந்தியின் கதையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். ஆர்.கே.பேட்டையிலிருந்து வாசகர் ஒருவர் அடிக்கடி போன் பண்ணுவார். நாட்டில் சட்டம் ஜாஸ்தியாகிவிட்டதா, போதவில்லையா, இதைப் பற்றி எழுதுங்களேன் என்று ரொம்ப நாளாக நச்சரிப்பு. உங்கள் கருத்து என்ன சார் என்று அவரையே கேட்டேன். பக்கத்து நிலத்துக்காரன் வருஷா வருஷம் வரப்பை வெட்டி உள்ளே வருகிறானாம், அவனை உள்ளே தள்ள கடுமையாக ஒரு சட்டம் வேண்டுமாம். சரி என்றேன். அதே மூச்சில், "என் நிலத்துல நான் போர் போடறதுக்கு எவனை சார் கேக்கணும்?" என்றும் கேட்டார்.

அவ்வளவுதான் விஷயம். அடுத்தவனுக்குச் சட்டம் போதவில்லை, நமக்கு ஜாஸ்தி.

இந்த வியாதி எங்கள் ஃபேக்டரியிலும் உண்டு. ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார், பார்க்கும்போதெல்லாம் தோளில் கை போட்டு, "ரூல்ஸைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க சார், வேலை ஓடட்டும்" என்பார். இவர் கை என் தோளில் இருக்கும்போது, இவருடைய ஆட்களின் கையில் கிளவுஸ் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன். இருக்காது. எங்கள் ஆலையில் ஒவ்வொரு போர்டுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய விரல் இருக்கிறது. அது போன பிறகுதான் போர்டு வந்தது. அதனால், 'சட்டமே வேண்டாம், மனசாட்சி போதும்' என்று எவராவது பேச ஆரம்பித்தால் நான் உடனே என் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அதற்காகச் சட்டம் போடுகிறவர்களை நம்புகிறேனா? அதுவும் இல்லை. ரோலிங் செக்‌ஷனில் 'தலை ஜாக்கிரதை' என்று ஒரு போர்டைத் தாழ்வாக மாட்டிவிட்டார்கள். ஃபிட்டர் ஒருவர் நிமிரும்போது அந்த போர்டிலேயே மண்டையை இடித்துக்கொண்டார். அதற்கு மேலிடம் எடுத்த நடவடிக்கை என்ன தெரியுமா... பக்கத்தில் இன்னொரு போர்டு. 'இங்கே போர்டு உள்ளது, கவனம்.'

ஆக, ரெண்டு பக்கமும் சந்தேகம். இதுதான் நான். இந்த ஆளைத்தான் வசந்தி ஊருக்கு ரூல்ஸ் எழுதக் கூப்பிட்டார்.

அவர் சொன்ன கதை இது. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் அந்தக் குப்பத்தில் காலம் காலமாக ஓர் ஏற்பாடு. 'பாடு' என்று பேர். உரிமை உள்ள குடும்பங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். முறை வந்தவர் போய்க் கழி நட்டு வலை கட்டுவார். மற்றவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். எழுத்து கிடையாது, போலீஸ் கிடையாது, கோர்ட்டு கிடையாது.

ஒரு கண்டிஷன் மட்டும் உண்டு. முறைக்குரிய குடும்பத்து ஆள் படகில் நின்றாக வேண்டும். கூட யார் வேண்டுமானாலும் போகலாம், வலை இழுக்கலாம், கழி நடலாம். ஆனால் குடும்பத்து ஆள் இல்லாமல் படகு போகக் கூடாது. ஏன்? இல்லாவிட்டால் அசலூர் பணக்காரன் எவனாவது வந்து, கஷ்டப்பட்டவன் முறையைச் சல்லிசாக வாங்கிப் போட்டுக்கொள்வான். கேட்டவுடன் எனக்குப் பிடித்துப் போயிற்று. யாரோ ஒரு விரலை இழந்த பிறகு போட்ட கண்டிஷன்தான் இதுவும்.

வசந்தியின் கணவர் ஏழுமலைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கட்டிலிலிருந்து எழுப்ப ஆள் வேண்டும். அண்ணன் தம்பி இல்லை. ஒரே பெண், பன்னிரண்டாவது படிக்கிறாள். படகும் வலையும் சும்மா கிடக்கின்றன. வசந்தியின் அண்ணன் கோபி வேறு குப்பத்துக்காரர், வலைத் தொழிலில் கைதேர்ந்தவர். நான் போய் வலை கட்டித் தருகிறேன் என்கிறார். ஆனால் ஊர் கணக்கில் அவர் அசலூர் ஆள்.

போன முறை வந்தபோது மச்சானைத் தூக்கிக்கொண்டு போய் படகில் உட்கார வைக்கலாமா என்று கோபி கேட்டிருக்கிறார். ஏழுமலைக்குப் பேச்சு குழறும், ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்ததாம். "என்ன மூட்டையாட்டம் தூக்காதீங்க." அந்த முறையை விட்டுவிட்டார்கள்.

இப்போது அடுத்த முறை வருகிறது. தொடர்ந்து ரெண்டாவது தடவையாக இதையும் விட்டால், ஊர் வழக்கப்படி பங்கே போய்விடும். அப்புறம் ஏழுமலை வீட்டுக்கு ஏரியில் இடமே கிடையாது. கேன்டீன் சம்பளமும் கட்டிலில் படுத்த கணவரும்தான் மிச்சம்.

"முடியாதவங்களுக்கு இன்னா வழின்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார்," என்றார் வசந்தி. "எழுதி வெச்சுட்டா அப்பால மாத்திப் பேச முடியாதுல்ல?"

நியாயம்தானே? போர்டு எழுதுகிறவனிடம் வந்து, எழுத்தை நம்பி ஒரு பெண் நிற்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் உத்தியோகத்துக்கு ஒரு மரியாதை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

பழவேற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே பிளாஸ்டிக் சேர் போட்டு, சில்லென்று கலர் உடைத்துக் கொடுத்தார்கள். தலைவர் பேர் தேசப்பன். வாட்டசாட்டமான மனுஷர். அவருக்குப் பக்கத்தில் மாசிலாமணி என்று ஒருவர் — தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் இவர் நாலு வார்த்தை சொல்வார். இன்னும் சில ஆண்கள். பெண்கள் வாசல் பக்கமும் ஜன்னல் பக்கமும் நின்றார்கள். வசந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரம் ஒரே பெருமை. எங்க ஊரில் கேசு கிடையாது, ஸ்டேஷன் வாசப்படியை மிதித்தது கிடையாது, எல்லாம் வாய் வார்த்தைதான், வார்த்தை தவறியது கிடையாது... மாசிலாமணி என் பக்கம் சாய்ந்து, "உங்களை மாதிரி படிச்சவங்கதான் சார் எல்லாத்துக்கும் பேப்பர் கேக்கறீங்க. எங்களுக்கு எதுக்கு சார் பேப்பரு?" என்றார்.

நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு மெதுவாகக் கேட்டேன். முறைக்காரர் படுத்த படுக்கையாகிவிட்டால் என்ன வழி? தேசப்பன், அடுத்த சுற்றுக்கு முறையைத் தள்ளி வைக்கலாம் என்றார். அதெல்லாம் இல்லவே இல்லை, விட்டது விட்டதுதான் என்றார் மாசிலாமணி. பின்னாலிருந்து ஒருவர், வீட்டு மருமகன் போகலாம், போயிருக்கிறார்கள் என்றார்.

யார் போனது என்றேன்.

யாரும் தேசப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் இருந்தவர் மெல்ல விவரம் சொன்னார்: தலைவருக்குக் காலில் கட்டு போட்டிருந்த வருஷம், மீஞ்சூர்க்கார மருமகன் போய் நின்றிருக்கிறான்.

"அது வேற விஷயம்," என்றார் தேசப்பன்.

அடடா. இந்த மூன்று வார்த்தையை நான் எங்கெல்லாம் கேட்டிருக்கிறேன். என் மேனேஜர் தட்டில் கை கழுவியதைக் கேட்டால் அவரும் இதைத்தான் சொல்வார். எழுதாத சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதற்கு ஞாபக மறதி உண்டு. யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் மறக்கும்.

அதனால்தான் எழுத வேண்டும் என்று எனக்கும் உறுதியாகிவிட்டது. நாமே எல்லாரும் சேர்ந்து ஒரு பேப்பரில் எழுதிவிடலாமா, நாளைக்கு யாருக்கும் சங்கடம் இருக்காது என்று கேட்டேன். மறுப்பார்கள், ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

உடனே சரி என்றுவிட்டார்கள்.

பேப்பர் எதற்கு என்று கேட்ட மாசிலாமணியே ஓடிப் போய் ஒரு வெள்ளைத் தாளும், கீழே வைத்து எழுத ஒரு பரீட்சை அட்டையும் கொண்டு வந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? இந்த மனுஷருக்கு திடீரென்று பேப்பர் மேல் என்ன பிரியம்? நான் எவ்வளவு பெரிய சந்தேகப் பிராணி என்று பீற்றிக்கொண்டு என்ன பிரயோஜனம், பேனா கையில் வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

எழுத ஆரம்பித்தேன். முதல் வரி, எந்தெந்தக் குடும்பத்துக்கு உரிமை. ரெண்டாவது, முறையை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. மூன்றாவது, உரிமையுள்ள குடும்பத்திலிருந்து ஒருவர் படகில் நிற்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தேன். ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள். நாலாவதாக, உடம்பு முடியாதவர்களுக்கு என்ன வழி என்பதை எழுத வேண்டும். அதற்குத்தான் வந்ததே. 'நான்கு' என்று நம்பர் போட்டேன்.

"ஒரு நிமிசம் சார்," என்றார் மாசிலாமணி. "அதுக்கு முன்னால, நிக்கறவரு ஆம்பளையா இருக்கணும்னு ஒண்ணு போட்டுடுங்க."

எதற்கு என்றேன்.

"சும்மாதான் சார். எழுதறதுன்னு ஆயிடுச்சு, தெளிவா இருக்கட்டும்."

அந்த வார்த்தையை அதுவரைக்கும் அந்தக் கூடத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை. காலம் காலமாக அந்த ஊரில் எந்தப் பெண்ணும் முறைக்குப் படகில் நின்றதில்லை, அதனால் நிற்கக் கூடாது என்று சொல்ல வேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை. இப்போது ஒரு தாளும் பேனாவும் வந்தவுடன் அவசியம் வந்துவிட்டது. பின்னால் இருந்தவர்களும் ஆமா, அது சரிதான், போட்டுடுங்க என்றார்கள். ஏரி ஆழம் என்றார் ஒருவர். சாமி குத்தம் என்றார் இன்னொருவர். அந்த ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்களை நான் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். தண்ணீரில் இறங்கினால் குத்தம் இல்லை, தண்ணீருக்கு மேலே நின்றால் குத்தமா?

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேனா 'நான்கு' பக்கத்தில் அப்படியே நின்றது. ஊரே சேர்ந்து சொல்கிறது, எழுத வந்தவன் நான், எழுத மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"சார், எழுதாதீங்க."

ஜன்னலிலிருந்து வந்தது குரல். சத்தமாகக்கூட இல்லை.

தேசப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுதணும்னு சாரைக் கூட்டிக்கினு வந்ததே நீதானே, இப்ப இன்னா பேஜாரு பண்ற என்று அதட்டினார்.

"ஆமா மாமா, நான்தான் இட்டாந்தேன். இப்ப வேணாங்கறேன்," என்றார் வசந்தி. "பேப்பர் இல்லாமலே நம்ம ஊரு இத்தினி காலம் ஓடிச்சுன்னு இப்பத்தான நீங்க சார்கிட்ட சொல்லிக்கினு இருந்தீங்க. அப்படியே இருக்கட்டும்."

வந்த விருந்தாளியிடம் அரை மணி நேரம் அளந்தது தேசப்பன்தானே. மாசிலாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையைக் காட்டி அடக்கினார். "நமக்கு எதுக்குடா பேப்பரு? உடு," என்றார். கூட்டம் கலைந்தது.

நான் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வருத்தம். வசந்தி மேல் கொஞ்சம் கோபமும்கூட. இந்தப் பெண் நாலாவது வரிக்குப் போராடியிருக்கலாமே, முடியாதவர்களுக்கு விலக்கு என்று நான் எப்படியாவது ஒரு வாசகத்தை நுழைத்திருப்பேனே, அதற்குள் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டாரே... பங்கு போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் சொன்னபோது, "நீங்க போகாம இருந்திருந்தா 'ஆம்பளை'ங்கற பேச்சே வந்திருக்காது" என்றாள் என் மனைவி. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை வசந்தி லீவு. வியாழக்கிழமை வந்தார். என் தட்டில் வழக்கமாக ஒரு வடை. அன்றைக்கு ரெண்டு. அதற்கு மேல் இறால் தொக்கு, சின்ன டப்பாவில், வீட்டிலிருந்து.

நான் டப்பாவைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"போனீங்களா?"

"போனேன் சார்."

நடந்தது இதுதான். புதன்கிழமை விடியற்காலையில் கோபி படகைத் தள்ளியிருக்கிறார். வசந்தி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, மேலே ஏழுமலையின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி நின்றுவிட்டார். கரையில் இருந்தவர்கள் முதலில் அண்ணனுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொடுக்கத்தான் ஏறுகிறார் என்று நினைத்தார்களாம். படகு நகர்ந்த பிறகும் அவர் இறங்காததைப் பார்த்துத்தான் சத்தம் எழுந்திருக்கிறது.

தேசப்பன் ஓடி வந்து, யாரைக் கேட்டு ஏறினாய் என்று கரையிலிருந்து கேட்டிருக்கிறார்.

"யாரைக் கேக்கணும்னு இருக்குது மாமா?" என்று கேட்டிருக்கிறார் வசந்தி. "குடும்பத்து ஆளு நிக்கணும்னு நீங்கதான் ஞாயித்துக்கிழமை சொன்னீங்க. நான் அவரு குடும்பம் இல்லையா?"

தேசப்பன் வாயைத் திறந்தால் அவருடைய மீஞ்சூர் மருமகன் கதை வெளியே வரும். பெண் கூடாது என்று சொல்லலாம் — எங்கே இருக்கிறது அந்தச் சட்டம்? இருந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் அரை நிமிஷம் என் பேனா ஓடியிருந்தால். படகு போய்விட்டது. கழி நட்டார்கள், வலை கட்டினார்கள். படகு ஆடும்போதெல்லாம் வசந்தி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டாராம், ஆனால் உட்காரவில்லையாம். உட்கார்ந்தால், நிற்கவில்லை என்று ஒரு பேச்சு வரும் என்று பயம். கால் மரத்துப்போகும் வரைக்கும் நின்றிருக்கிறார். ஏழுமலை வீட்டு முறை நடந்தது, பங்கு தப்பித்தது.

வெளிப்படையாகவே சொல்கிறேன், சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொக்கு காரம் என்று சமாளித்தேன்.

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கரையில் யாருக்கு ரொம்பக் கோபம்?

"மாசிலாமணி அண்ணனுக்குத்தான் சார். கத்தித் தீர்த்துட்டாரு."

அவருக்கு ஏன் அவ்வளவு கோபம்?

வசந்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதுகூடத் தெரியாமலா பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்கிற பார்வை. "நாங்க உட்டா அந்த எடம் அடுத்தவருக்குப் போவும் சார். எங்களுக்கு அடுத்த முறை அவரோடதுதான்."

அட கடவுளே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எத்தனை கேள்வி கேட்டேன். உரிமை யாருக்கு, விற்கலாமா, முடியாதவருக்கு என்ன வழி... அடுத்த முறை யாருடையது என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. ஓடிப் போய்த் தாள் கொண்டு வந்த ஆளை ஊர்ப்பற்று உள்ளவர் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆர்.கே.பேட்டை வாசகரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். சட்டம் ஜாஸ்தி வேண்டுமா, கம்மி வேண்டுமா என்று என்னைக் கேட்காதீர்கள். யாராவது ஜாஸ்தி வேண்டும் என்றால், அடுத்த முறை யாருடையது என்று விசாரியுங்கள். யாராவது கம்மி வேண்டும் என்றால், போன முறை யார் மருமகன் போனான் என்று விசாரியுங்கள். உங்கள் வரப்பு, உங்கள் போர் உள்பட.

வசந்தியையும் விட்டுவைப்பேனா? அன்றிலிருந்து ஒரு சந்தேகம் என்னைக் குடைகிறது. எழுதுவதற்குத்தான் நிஜமாகவே என்னைக் கூட்டிப் போனாரா? இல்லை, 'குடும்பத்து ஆள் நிற்கணும், அவ்வளவுதான்' என்று வெளியூர்க்காரன் ஒருவன் முன்னால் ஊரையே வாய்விட்டுச் சொல்ல வைப்பதற்காகவா? கேட்டேன். "போங்க சார், எனக்கு அவ்ளோ மூளை இருந்தா நான் ஏன் சாம்பார் ஊத்தறேன்?" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் மேனேஜருக்கு அந்த மூளை இல்லை, அவருக்கு ஏசி ரூம்.

கதை இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நேற்றைக்கு முன்தினம் போன் வந்தது. மாசிலாமணி. குரலில் தேன் ஒழுகியது. சார் சௌக்கியமா, வீட்டில் சௌக்கியமா, நாஷ்டா ஆச்சா... வருகிற அமாவாசைக்கு ஊர்க் கூட்டமாம். "அன்னிக்கு உட்ட எடத்துலேர்ந்து எழுதிடலாம் சார். அந்தப் பேப்பரை பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல?"

வைத்திருக்கிறேன். அதே சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். மூன்று வரி, அப்புறம் 'நான்கு', அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்தில்தான் ஒரு பெண் விடியற்காலையில் ஏறி நின்றிருக்கிறார்.

இன்னொன்றும் தெரியும். அந்த இடம் ரொம்ப நாளைக்குக் காலியாக இருக்காது. நான் போகாவிட்டால் வேறு யாரையாவது வைத்து எழுதிவிடுவார்கள். நான் போனால் என்னை வைத்தே எழுதுவார்கள். பெண்ணும் நிற்கலாம் என்று நானே எழுதிவிட்டால் என்ன என்று ஆசை வருகிறது, ஆனால் கூடத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். அங்கே பேனாவை எடுத்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்தாயிற்று.

நேற்று கேன்டீனில் வசந்தியிடமே கேட்டேன். என்னம்மா செய்யட்டும், வரட்டுமா, வேண்டாமா?

கரண்டியைச் சாம்பாரில் போட்டுவிட்டு யோசித்தார். "வாங்க சார். நீங்க இருந்தா கொஞ்சம் மருவாதியா பேசுவாங்க," என்றார். அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனவர் திரும்பி வந்து சொன்னார்: "பேனாவ மட்டும் ஊட்ல வெச்சுட்டு வாங்க."

வைத்துவிட்டுத்தான் போகப் போகிறேன். ஆனால் ஒன்று — மாசிலாமணி சட்டைப் பையில் ரெண்டு பேனா இருக்கும், பந்தயம்.